நாலாம் வாய்க்கால் காணாமற்போன மாதம்

பத்து நிமிடம் நான் ஒரே கதிரையில் தொடர்ந்து இருந்ததைக் கண்டேன் என்று யாராவது சொன்னால், அவர் வேறு யாரையோ கண்டிருக்கிறார். இருந்த இடத்தில் இருக்க எனக்கு ஏலாது. ஆனால் எனக்குக் கிடைத்த தொழில் நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிற தொழில். கல்முனையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு இணையப் பக்கங்களில் வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். அவர்கள் எண்களை அனுப்புவார்கள். நான் அவற்றைக் கோடாகவும் கட்டமாகவும் மாற்றுவேன். ஒரு கோடு போட்டதும் எழும்பி வாசலுக்குப் போவேன். ஒரு கட்டம் போட்டதும் குசினிக்குப் போய்ப் பானை மூடியைத் தூக்கிப் பார்ப்பேன்.

"நீங்க வேலை செய்யிறீங்களா, ஊட்ட அளக்கிறீங்களா?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். அதற்குப் பதில் சொல்வதற்குள் நான் மறுபடி வாசலில் நின்றேன்.

வரைபடம் போட ஒரு லைப்ரரி பாவிக்கிறேன். புத்தகம் அடுக்கிய இடம் இல்லை. யாரோ நல்ல மனிதர்கள் நிரல் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துப் பாவியுங்கள் என்று விட்டு வைத்திருக்கிற கட்டு. அதில் எனக்கு ஆகப் பிடித்தது நேரத்தை வெட்டுகிற பகுதி. மணித்தியாலத்துக்கு ஒரு கத்தி, நாளுக்கு ஒரு கத்தி, வாரத்துக்கும் மாதத்துக்கும் வேறு வேறு கத்தி. நாள் என்ற கத்தியிடம் எந்த நேரத்தைக் கொடுத்தாலும், அது நடுப்பகல் லுஹராக இருந்தாலும் பின்னேரத்து அசராக இருந்தாலும், பிடித்துக் கீழே இறக்கி அந்த நாளின் தொடக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். மேலே ஏற்று என்றால் அடுத்த நாளின் வாசலில் விடும். இந்தத் திகதி தொடங்கி அந்தத் திகதி வரைக்கும் துண்டு போடு என்றால், சந்தையில் அறக்குளா மீன் வெட்டுகிற மாதிரி ஒரே கனத்தில் வரிசையாக வைக்கும். ஒரு நாளை ஒரே மூச்சில் கடக்கத் தெரியாத எனக்கு, நாளைத் துண்டு துண்டாகப் பார்க்கிற இந்த வேலை உடம்புக்கு ஒத்துப்போனது.

இந்தக் கத்திகளை எனக்குக் கையாளத் தெரியும் என்று ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பை எங்கள் ராத்தா, என் அக்கா, அறிந்து வைத்திருந்ததுதான் வினை.

ராத்தாவின் கணவர் கட்டாரில் இருக்கிறார். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடும் காணியும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். ராத்தாவுக்கு வாப்பாவின் வயல் போனது. எனக்கு ராத்தாவின் வாய் வந்தது. மச்சான் கட்டாருக்குப் போன பிறகு வயலை அவரே பார்க்கிறார். ஆள் பிடிப்பது, மெஷினுக்குச் சொல்வது, பசளை எடுப்பது எல்லாம் அவர்தான்.

வயல் கல்முனையிலிருந்து மேற்கே, ஒரு பெரிய வட்டைக்குள் இருக்கிறது. வட்டை என்று நாங்கள் சொல்வது வயல்வெளியை. எங்கள் வட்டைக்குள் பெரிய வாய்க்காலிலிருந்து நாலு சின்ன வாய்க்கால்கள் பிரிகின்றன. கோடையில் செய்கிற சிறுபோகத்தில் தண்ணீர் மட்டு. நாலையும் ஒன்றாகத் திறந்தால் ஒன்றின் வாலுக்கும் போய்ச் சேராது. ஆகவே முறை வைத்துத் திறப்பார்கள். முதலாம் வாய்க்காலுக்கு இரண்டு நாள், பிறகு இரண்டாம் வாய்க்காலுக்கு இரண்டு நாள், இப்படி நாலும் முடிந்து மறுபடி முதலாவது. ஒருவருக்கு எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். ராத்தாவின் வயல் நாலாம் வாய்க்காலின் கடைசியில் கிடக்கிறது.

முறை பார்த்து வாய்க்கால் கதவு திறக்கிறவருக்கு வட்டவிதானை என்று பெயர். விவசாயிகள் கூடித் தெரிந்தெடுப்பார்கள். எங்கள் வட்டவிதானை என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். கணக்குப் பாடத்துக்கு இருவரும் ஒரே வாங்கில் இருந்தோம், கரும்பலகைக்கு ஆகத் தூரத்து வாங்கில். ஒருவன் தண்ணீருக்குப் பொறுப்பானான், மற்றவன் வரைபடத்துக்குப் பொறுப்பானான். இந்த இரண்டு நியமனத்தையும் எங்கள் கணக்கு ஆசிரியர் கேள்விப்பட்டிருந்தால் வட்டைப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

மே மாதக் கடைசியில் ராத்தா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, நீ வெள்ளைக்காரனுக்குப் படம் போட்டுக் குடுக்கிறியாமே. ஊரானுக்கு ஒண்டு போட்டாக் கை தேய்ஞ்சிருமா?"

"என்ன படம் ராத்தா?"

"தண்ணி முறைப் படம். எப்ப ஆருக்குத் தண்ணி எண்டு போனத் துறந்தாத் தெரியணும். அந்த வட்டவிதானைக்கு எடுத்தா அவன் எப்பவும் ஆரோடயோ கதைச்சிக்கிட்டே இரிக்கான்."

"அது பெரிய வேலை ராத்தா, யோசிக்கணும்."

"யோசிக்கிற வேலையெண்டா ஒனக்கிட்ட வந்திரிப்பனா?"

அன்று பின்னேரமே போட்டேன். எனக்காகவே ஒழுங்குபடுத்தித் தந்த மாதிரி, ஜூன் முதலாம் திகதி முதலாம் வாய்க்காலின் முறையாக அமைந்திருந்தது. லைப்ரரியில் நாள் கத்தியை எடுத்து, எட்டு நாளைக்கு ஒரு தரம் வெட்டு என்றேன். வெட்டியது. ஒவ்வொரு எட்டையும் இரண்டிரண்டாகப் பிரித்து நிறம் கொடுத்தேன். முதலாம் வாய்க்காலுக்குப் பச்சை, இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கு மஞ்சள். நாலாவதுக்கு என்ன நிறம் என்று ராத்தாவிடம் கேட்டேன்.

"சிவப்புப் போடு. மற்றவனுக்குத் தூரத்திலேயே தெரியட்டும் அது என்ட தண்ணி எண்டு."

நாள் நடுச்சாமத்தில் தொடங்குகிறது என்பது அந்தக் கத்தியின் எண்ணம். எங்கள் வட்டையில் கதவு மாறுவது சுபஹ் தொழுத பிறகு. அதையும் சரிக்கட்டினேன். நாளின் தொடக்கத்தை நடுச்சாமத்திலிருந்து பெயர்த்துக் காலையில் கொண்டுவந்து நட்டேன். இந்த நுணுக்கத்தை மனைவிக்கு ஒரு தடவையும், வட்டவிதானைக்கு இரண்டு தடவையும், மீன் கொண்டு வருகிறவருக்கு ஒரு தடவையும் விளங்கப்படுத்தினேன். மீன்காரர் மட்டும் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு நான் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

ஜூன் மாதம் முழுக்க நான் வட்டையின் செல்லப்பிள்ளை. விவசாயிகளின் போன் குரூப்பில் பெருவிரல்களாகவே வந்து விழுந்தன. முதலாம் வாய்க்காலில் காரைதீவு அண்ணன் ஒருவர் வயல் செய்கிறார், ராத்தாவுக்கும் எனக்கும் நல்ல பழக்கம். சந்தியில் என்னைக் கண்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"தம்பி, அந்தப் படம் நல்ல வசதி. எங்கட வீட்டில சின்னதுகள் கூட, அப்பா நாளைக்குப் பச்சை எண்டு சொல்லுதுகள்."

வட்டவிதானையின் நன்றி இன்னொரு வகை. "மச்சான், ஒன்ட படம் வந்ததுக்குப் பொறகு என்ட போன் மௌத்தாப் போச்சு, அடிக்கிறதேயில்ல. பொண்டாட்டியோட கதைக்க இப்பதான் நேரம் கிடைக்கிது. அவ சொல்றா, பழைய மாதிரியே போன்ல கதையுங்களாம்."

நான் வேலைக்கு நடுவில் எழும்பி நடந்தபடி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பதுபோல் நிறங்களைப் பார்ப்பேன். அது தானாக நகர்ந்தது. இன்றைய நாளைக் காட்டுகிற மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றும் வைத்திருந்தேன். அது பச்சையைத் தாண்டி நீலத்துக்குள் போகும்போது, கதவை நானே கையால் திருப்பிய மாதிரி இருக்கும். வயலுக்கு ஒரு தடவையும் போகவில்லை.

ஜூன் கடைசியில் கச்சான் காற்று பிடித்தது. மேற்கேயிருந்து வருகிற காய்ந்த காற்று. கடல் பக்கம் இருக்கிற எங்களுக்கே உதடு வெடிக்கும், வயலுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காற்றில் எனக்கு இருப்பு இன்னும் கெட்டுப்போகும். கதவு அடித்துக்கொள்ளும், நானும் அதோடு எழும்புவேன்.

வேளாண்மை என்று நாங்கள் சொல்கிற நெற்பயிர் ராத்தாவின் வயலில் அப்போது குடலையில் நின்றது. கதிர் வெளியே வராமல் தண்டுக்குள் வயிறு தள்ளி நிற்கிற பருவம் அது. அந்த நேரம் தண்ணீர் தவறினால் கதிர் வெளியே வரும், ஆனால் உள்ளே அரிசி பிடிக்காது. சப்பிதான் மிஞ்சும். நாலாம் வாய்க்காலில் மற்றவர்கள் முந்தி விதைத்தவர்கள், அவர்களுக்குக் கதிர் முற்றிவிட்டது, தண்ணீர் தேவையில்லை. ராத்தாவுக்கு மட்டும் உழவு மெஷின் பிந்தி வந்ததால் விதைப்பும் பிந்தியது. ஆக அந்த வாய்க்காலில் தண்ணீருக்குக் காத்திருந்தது அவர் ஒருவர்தான். இந்த முறை கிடைத்தால் போகம் தப்பும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூலை முதலாம் திகதி காலை. நான் புட்டுக் கோப்பையோடு வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். ராத்தா வயலிலிருந்து போன் எடுத்தார்.

"தம்பி, எனக்குத் தண்ணி எங்க?"

"வரும் ராத்தா. இப்பதானே விடிஞ்ச."

"வாய்க்கால்ல நண்டு நடந்து போகுது. வட்டவிதானைக்கு எடுத்தன். இண்டைக்கு முதலாம் வாய்க்கால் எண்டான்."

"அப்ப படத்தப் பாருங்க."

"படத்தப் பார்த்துத்தான் அவன் சொல்றான்."

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். "படம் பிழைக்காது ராத்தா," என்றேன். "நீங்க நாளை மாறி எண்ணியிரிப்பீங்க."



"ஓம், நான் மாறி எண்ணியிரிப்பன். நான் இன்னொருக்கா எண்ணுறன். நீயும் எண்ணு. ஒனக்கு விரல் காணாட்டி என்ட விரல்லயும் ரெண்டு எடு." போனை வைத்துவிட்டார்.

புட்டை வைத்துவிட்டு லப்டொப்பைத் திறந்தேன். ஜூன் மாதம் அழகாக இருந்தது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூன்று சுற்று. நாலாவது சுற்றில் பச்சை, நீலம், மஞ்சள், பிறகு மறுபடி பச்சை. மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இடைவெளிகூட இல்லை. அடைத்துத் தைத்த சட்டைபோல ஒட்டி இருந்தது. அதனால்தான் என் கண்ணில் படவில்லை.

பிழை எங்கே என்று எனக்குக் கண்ட மாத்திரத்தில் விளங்கியது. கேவலமும் அதில்தான் இருக்கிறது. எட்டு நாளைக்கு ஒரு தரம் வெட்டு என்று சொன்னால், அந்தக் கத்தி முடிவில்லாமல் எட்டெட்டாகப் போவதில்லை. மாதம் மாறினால் பழைய எண்ணிக்கையை உதறிவிட்டு முதலாம் திகதியிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஜூனுக்கு முப்பது நாள். கடைசிச் சுற்று இருபத்தைந்தில் தொடங்கியது. பச்சைக்கு இரண்டு, நீலத்துக்கு இரண்டு, மஞ்சளுக்கு இரண்டு, அதோடு மாதம் சரி. சிவப்பின் முறை வரும்போது ஜூலை பிறந்துவிட்டது, கத்தி மறுபடி பச்சையிலிருந்து ஆரம்பித்துவிட்டது. லைப்ரரியை எழுதியவர்கள் இதைக் குறிப்பில் தெளிவாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பை நான் பல தடவை வாசித்திருக்கிறேன், நடந்துகொண்டே.

நாளின் தொடக்கத்தைப் பெயர்த்து நட்ட ஆளுக்கு மாதத்தின் முடிவு தெரியவில்லை.

"என்ன, முகம் புட்டு மாவாப் போச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"ராத்தாட வாய்க்கால விழுங்கிட்டன்."

"காலையிலேயா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இனி செய்ததுதான் பெரிய புத்திசாலித்தனம். முதலில் போன் எடுத்திருக்க வேண்டும், அல்லது வயலுக்குப் போயிருக்க வேண்டும். நான் கொம்பனி வேலை செய்து பழகிய ஆள். பிழை கண்டால் உடனே திருத்திப் பக்கத்தில் ஏற்றுவதுதான் என் கை அறிந்தது. எட்டுக்கு ஒரு தரம் என்பதை எடுத்துவிட்டு, ஜூன் முதலாம் திகதியிலிருந்து இன்றைக்கு எத்தனை நாள் போயிருக்கிறது என்று எண்ணச் சொல்லி, அதை எட்டால் பிரித்து மிச்சத்தைப் பார்க்க வைத்தேன். மாதம் எப்படி மாறினாலும் இது அசையாது. ஏற்றினேன். இன்றைக்கும் நாளைக்கும் சிவப்பு. பிறகுதான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

காரைதீவுச் சந்தியால் திரும்பி மேற்கே போகும்போது கச்சான் முகத்தில் அடித்தது. வழி நெடுக ஒவ்வொரு வளைவிலும் போன் அடித்தது. நிறுத்திப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமல் போகவும் ஏலவில்லை. இரண்டு தடவை நிறுத்தினேன், இரண்டு தடவையும் போனை எடுக்காமல் மறுபடி ஏறினேன்.

கதவடியில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முதலாம் வாய்க்காலின் கதவு திறந்திருந்தது, தண்ணீர் பச்சைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வட்டவிதானை போனைக் கையில் ஏந்தி, அது கடித்துவிடும் என்பதுபோலப் பிடித்திருந்தான். காரைதீவு அண்ணன் சாரனை மடித்துக் கட்டியபடி என்னைப் பார்த்தார். ராத்தா வரம்பில் நின்றார், சேறு முழங்கால் வரைக்கும் இருக்க வேண்டிய இடத்தில் புழுதி இருந்தது.

"தம்பி," என்றார் அண்ணன், "காலையில பார்த்தன், பச்சை. யூரியா எறிஞ்சன். எறிஞ்சிட்டு வந்து வரம்பில இருந்து பார்த்தன், கையில வெச்சிருக்கக்குள்ளேயே சிவப்பாப் போச்சு. என்ன கதை இது?"

"அது பிழை அண்ணன். திருத்தினன்."

"எது பிழை, பச்சையா சிவப்பா?"

பின்னால் நின்ற ஒருவர் சொன்னார்: "ராத்தா போன் எடுத்திரிப்பா, தம்பி நிறத்த மாத்தியிரிப்பார். எங்களுக்கும் இப்பிடி ஒரு தம்பி இல்லாமப் போச்சு."

அந்தச் சொல் என்னைவிட ராத்தாவைத்தான் சுட்டது. கடை வாய்க்கால்காரி தம்பியை வைத்துத் தண்ணீர் எடுத்தாள் என்று ஒரு கதை வட்டையில் கிளம்பினால், தண்ணீர் கிடைத்தாலும் அது கழுவ ஏலாத கறை. நான் மிச்சத்தைப் பற்றி, எட்டால் பிரிப்பதைப் பற்றி விளங்கப்படுத்தத் தொடங்கினேன். கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்தால், கூடுதலாக விளக்க விளக்க நான் கூடுதலாகக் களவெடுத்தவனாக ஆகிக்கொண்டிருந்தேன்.

"நீ வாய மூடு," என்றார் ராத்தா. பிறகு வட்டவிதானையிடம் திரும்பினார். "நேத்தும் முந்தாநாளும் ஆருக்குத் தண்ணி விட்ட?"

"மூண்டாம் வாய்க்காலுக்கு."

"மூண்டுக்குப் பொறகு ஒண்டு எண்டு நீங்க எந்தப் பள்ளியில படிச்ச?"

வட்டவிதானை என்னைப் பார்த்தான். ஒரே பள்ளிதான்.

"நான் நிறத்தப் பார்த்துத் துறந்தன் ராத்தா," என்றான். "மஞ்சளுக்குப் பொறகு பச்சையா இரிக்கே எண்டு எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்திச்சு. ஆனா நீங்க விட்டுக் குடுத்திரிப்பீங்க எண்டு நினைச்சன்."

"நானும் அப்பிடித்தான்," என்றார் காரைதீவு அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "தங்கச்சி விட்டுத் தந்திருக்கு எண்டு நினைச்சம். அதான் ஒண்டும் கேக்கல்ல."

இதை வெளியூர்க்காரருக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். போன சிறுபோகத்தில் அண்ணனின் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது, அவருடைய முறை நாட்களில் வயலுக்கு வர ஏலாது என்று ராத்தா தன் முறையை அவருக்கு விட்டுக்கொடுத்தார். எங்கள் வட்டையில் இப்படி விட்டுக்கொடுப்பது உண்டு. கொடுத்ததைப் பற்றி இரு பக்கமும் கதைப்பதில்லை. கேட்டால், கொடுத்தவர் வாயால் அதைச் சொல்ல வைத்த மாதிரி ஆகிவிடும், அது மரியாதையில்லை. ஆகவே நாலாம் வாய்க்கால் காணாமற்போனதை மூன்று வாய்க்கால்காரரும் கண்டிருக்கிறார்கள். கண்டுவிட்டு, எல்லோரும் மிகுந்த பண்போடு பேசாமல் இருந்திருக்கிறார்கள். என் பிழையை அவர்கள் ராத்தாவின் நல்ல மனமாக வாசித்திருக்கிறார்கள்.

"விட்டுத் தாறதெண்டா நான் வாயால சொல்லுவன்," என்றார் ராத்தா. "நிறத்தால சொல்லமாட்டன். வேளாண்மை குடலையில நிக்கிது. இலை சுருளுது. இந்தத் தண்ணிய நான் ஆருக்கும் விட ஏலாது."

அதற்குப் பிறகு யாரும் தம்பி கதையை எடுக்கவில்லை. ஆனால் அண்ணனின் யூரியா நிலத்தில் கிடந்தது. தண்ணீரை அப்போதே வெட்டினால் கச்சான் அதைத் தின்றுவிடும். அவரும் பொய்யான ஆள் இல்லை, பச்சையைப் பார்த்து எறிந்தவர். கடைசியில் வட்டவிதானை கதவுச் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னான். நாளைக் காலை வரைக்கும் முதலாம் வாய்க்கால். அதற்குப் பிறகு நாலாவதுக்கு முழுதாக இரண்டு நாள். அது முடிய, முதலாவதுக்கு மிச்சம் ஒரு நாள். பிறகு பழைய ஒழுங்கு.

ராத்தா தலையாட்டினார். ஒரு நாள் பிந்துகிறது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"இன்னொண்டு," என்றான் வட்டவிதானை. "முறையக் குழப்பினவன் கதவடியில நிக்கணும். அது பழைய சட்டம்."

அந்தச் சட்டம், முறை மாறிக் கதவு திறந்து தண்ணீர் களவெடுக்கிறவர்களுக்கானது. அகப்பட்டவன், எடுத்த தண்ணீர் திரும்பிப் போகும் வரைக்கும் பகல் முழுக்கக் கதவைக் காக்க வேண்டும். போகிற வருகிற எல்லோரும் பார்ப்பார்கள். அதுதான் தண்டனை.

"எனக்கு வேலை இரிக்கி மச்சான்," என்றேன்.

"ஆபீஸ இஞ்ச கொண்டு வா மச்சான். காத்து இரிக்கி, தண்ணி இரிக்கி. கதிரை நான் தாறன்."

மறுநாள் காலை நாலாம் வாய்க்காலின் கதவு திறந்தபோது, அதன் பக்கத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை இருந்தது. நிறத்தைத் தேடி எடுத்திருக்கிறான். இருந்தேன். தண்ணீர் காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கியது. முன்பக்கம் ஒரு நுரை, அதற்கு முன்னால் சருகும் குச்சியும். அது ஓடவில்லை. ஒவ்வொரு வெடிப்பாக நிறுத்தி, குடித்து முடித்து, பிறகுதான் அடுத்த சாண் நகர்ந்தது. நான் எழும்பினேன். வட்டவிதானை தூரத்திலிருந்து கையைக் காட்டினான். இருந்தேன்.

ராத்தா வாய்க்காலின் மறுமுனையில் நின்றார். முந்தி விதைத்தவர்களின் வரம்புகளில் நீர் எடுக்கிற வாய்களை ஒவ்வொன்றாக மண் போட்டு அடைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். போன் எடுத்தேன்.

"வந்திச்சா?"

"இல்ல."

லப்டொப்பைத் திறந்தேன். படத்தில் இந்த நாலு நாளையும் கையால் நிறம் மாற்றினேன். பச்சை ஒன்று, சிவப்பு இரண்டு, பச்சை ஒன்று. அது ஒரு கணத்தில் முடிந்தது. படத்தில் சிவப்பு, கதவடியிலிருந்து கடைசி வரம்பு வரைக்கும் ஒரேயடியாக இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் இன்னும் கரையிலுள்ள முதலாவது புளியமரத்தைத் தாண்டவில்லை.

"வந்திச்சா ராத்தா?"

"பத்து நிமிசத்துக்கு ஒருக்காக் கேட்டாத் தண்ணி பயந்து திரும்பிரும். வை."

கொம்பனியிலிருந்து கூட்டத்துக்கு அழைத்தார்கள். காற்று போனுக்குள் புகுந்து அவர்கள் கேட்டதும் எனக்கு விளங்கவில்லை, நான் சொன்னதும் அவர்களுக்கு விளங்கவில்லை. வழக்கத்தைவிடச் சுறுக்காக முடிந்தது. எழும்பி நாலைந்து அடி நடந்தால், வரம்பால் போகிறவர்கள் நிற்பார்கள். "என்ன தம்பி, கதவு தனியக் கிடக்கு?" திரும்பி வந்து இருப்பேன். அப்படி இருந்தபடி காலை மட்டும் ஆட்டியதில் கதிரையின் ஒரு கால் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. காரைதீவு அண்ணன் ஒரு போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். தந்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். பிறகு, "எங்கட சின்னதுகள் கேக்குதுகள், இண்டைக்கு ஏன் அப்பா சிவப்பு எண்டு. நான் என்ன சொல்ல?" என்றார்.

"மாமா பேயன் எண்டு சொல்லுங்க அண்ணன்."

"அது நேற்றே சொல்லிட்டன்," என்றார்.

லுஹர் போனது. அசரும் போனது. நான் ராத்தாவுக்கு எடுப்பதைக் குறைத்திருந்தேன். ஆனால் போனைக் கையிலிருந்து வைக்க முடியவில்லை. தண்டுக்குள் ஒளிந்து நிற்கிற அந்தக் கதிர்களை நான் அதுவரை நினைத்ததே இல்லை. அந்த நேரத்தில் அவை காத்திருக்கிற மாதிரி எனக்குப் பட்டது, என்னைவிட அமைதியாக. வெயில் சாய்ந்து மஃரிபுக்குக் கொஞ்சம் இருக்கும்போது போன் அடித்தது.

"வந்திட்டு," என்றார் ராத்தா. வைத்துவிட்டார்.

ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கதவை விட்டுப் போக ஏலாது. எழும்பி நின்றேன், அந்தப் பக்கம் பார்த்தேன். வரம்புகளுக்கு மேலால் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது நாளும் அதே கதிரை. அன்று நான் எடுக்கவில்லை, ராத்தாவே எடுத்தார். "எல்லா இடத்திலயும் ஏறிட்டு. மேட்டு மூலையில மட்டும் ஏறல்ல. நிலம் வெடிச்சுக் கிடக்கு, விடுற தண்ணியையெல்லாம் உள்ள இழுக்குது." அந்த ஒரு நாள் முந்தியிருந்தால் ஏறியிருக்குமா என்று கேட்டேன். "இப்ப கேட்டு என்ன செய்யிற," என்றார். இரண்டு நாள் முடிந்து கதவு மாறும் வரைக்கும் அந்த மூலை ஏறவில்லை.

படத்தை நீக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. இப்போதும் பார்க்கிறார்கள். ஆனால் மாதக் கடைசியில் வட்டவிதானைக்குப் போன் அடிக்கிறதாம், எல்லோரும் வாயால் ஒரு தரம் கேட்டுக்கொள்கிறார்கள். அவனுடைய மனைவிக்கு அது சந்தோஷம் என்று சொன்னான்.

அறுவடைக்கு ராத்தா என்னை வரச் சொன்னார். வயல் நன்றாகத்தான் வந்திருந்தது. கதிர்கள் பாரத்தில் வளைந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. வெட்டு மெஷின் ஒரு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. ராத்தா என்னை வரம்பால் கூட்டிக்கொண்டு மேட்டு மூலைக்குப் போனார். அங்கே ஒரு பாய் விரிக்கிற அளவுக்குக் கதிர் வெளுத்து, விறைத்து நேராக நின்றது. ஒரு நெற்கதிரை உருவிக் கையில் தேய்த்து ஊதினார். உள்ளங்கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"பார்," என்றார், "மற்றதெல்லாம் குனிஞ்சு நிக்கிது. இது மட்டும் ஒன்னப் போல நிமிர்ந்து நிக்கிது."

மெஷின்காரர் அந்த மூலையை வெட்டவா விடவா என்று கையால் கேட்டார். வெட்டு என்று ராத்தா கையைக் காட்டினார். மெஷின் வந்து அதையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போனது. சப்பி எல்லாம் காற்றோடு எங்கள் பக்கம் வந்தது. நான் விலகப் பார்த்தேன். "நில்லு," என்றார் ராத்தா. நின்றேன்.